வீல் ஹவுஸுக்கு ஒரு மானிட்டர்: தூத்தூர் படகில் செய்த வேலையின் முழு விவரம்

மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 தொடங்கி ஜூலை 31 வரை. படகுக்கு வயரிங் பார்க்கிற என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் அறுவடைக் காலம். மற்ற பத்து மாதமும் கொச்சி தோப்பும்படியிலும் ஆழ்கடலிலுமாகக் கிடக்கும் தூத்தூர் வட்டாரப் படகுகள் அந்த இரண்டு மாதம்தான் கைக்கு எட்டும். நித்திரவிளையில் இருக்கிற என் கடைக்கு, தடை தொடங்கிய முதல் வாரத்திலேயே மாமா வந்தார். அம்மாவின் தம்பி. கையில் ஒரு பாலித்தீன் கவர், அதற்குள் பாதி உருகிய எச்டிஎம்ஐ கேபிள்.

“மக்ளே, டிவி வயரு இப்பிடியும் எரியுமா?” என்றார்.

கேபிளைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே சிக்னல் போகும் மெல்லிய கம்பிகள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. அவற்றைச் சுற்றியிருக்கும் பின்னல் கவசம் மட்டும் கருகி, பிளாஸ்டிக் உறையை உள்ளிருந்தே உருக்கியிருந்தது. படம் கொண்டுபோகும் கேபிளின் கவசத்தில் பத்துக்கணக்கான ஆம்பியர் ஓடினால்தான் இப்படி ஆகும். எங்கிருந்து வந்தது அந்தக் கரண்டு? அதைத் தேடித்தான் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குப் போனேன்.

படகு

மரத்தில் கட்டி மேலே ஃபைபர் பூசிய படகு. எஞ்சினைக் கிளப்ப 24 வோல்ட் செல்ஃப். 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராகச் சேர்த்து 24 ஆக்கியிருக்கிறார்கள். படகை ஓட்டும் அறையான வீல் ஹவுஸில் ஏழு அங்குல ஜிபிஎஸ், கடலின் ஆழம் காட்டும் ஏக்கோ, வி.எச்.எஃப் வயர்லெஸ், எல்லாவற்றுக்கும் மூத்ததாகத் திரவத்தில் மிதக்கும் காம்பஸ். இவற்றோடு மாமாவின் மகன் சேர்த்த ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதில் ஓப்பன் சிபிஎன் என்ற இலவச வரைபட மென்பொருள் ஓடுகிறது. பக்கத்தில் போகும் கப்பல்கள் தங்கள் இடத்தையும் போக்கையும் அறிவிக்கும் ஏஐஎஸ் சிக்னலும் அதில் தெரியும்.

இது ஆடம்பரம் இல்லை. ராத்திரி வலை விட்டுவிட்டு எஞ்சினை நிறுத்தி மிதந்து கிடக்கும்போது சரக்குக் கப்பல் எந்தத் திசையில் வருகிறது என்று தெரிய வேண்டும். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஓக்கி புயல் வந்த பிறகு எங்கள் கரையில் ‘இதெல்லாம் எதற்கு’ என்று யாரும் கேட்பதில்லை. திரும்பி வரும்போது தேங்காய்ப்பட்டணத்தின் முகத்துவாரம் வேறு இருக்கிறது. ஆற்றுமணல் சேர்ந்து, அலை மறிந்து, படகு கவிழ்ந்து உயிர்கள் போன இடம் அது. அங்கே நுழையும்போது மாமாவுக்கு வரைபடம் கண்ணெதிரே பெரிதாகத் தெரிய வேண்டும். ஐம்பத்தெட்டு வயது, வெள்ளெழுத்து. ஏழு அங்குலத் திரைக்கு முன்னால் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டு நிற்க முடியாது என்கிறார். நியாயம்தான்.

முதலில் செய்தது: இன்வெர்ட்டர்

வீட்டில் சும்மா கிடந்த ஒரு மானிட்டரையும் 24 வோல்ட் இன்வெர்ட்டர் ஒன்றையும் மகன் மாட்டியிருந்தான். பேட்டரியின் 24 வோல்ட் டிசியை இன்வெர்ட்டர் 230 வோல்ட் ஏசி ஆக்கும். அதை மானிட்டரின் அடாப்டர் திரும்பவும் 12 வோல்ட் டிசி ஆக்கும். மலையேறிப் போய் மறுபடி இறங்குகிற வேலை.

அதே மாதிரி இன்னொரு மானிட்டரை மாட்டிக் கடையில் வைத்து அளந்தேன். மானிட்டருக்கு உண்மையில் வேண்டியது 18 வாட். பேட்டரிப் பக்கம் மீட்டர் காட்டியது 25.2 வோல்ட்டில் 1.4 ஆம்பியர், அதாவது 35 வாட். மானிட்டரைக் கழற்றிவிட்டு இன்வெர்ட்டரை மட்டும் ஓடவிட்டாலே 0.4 ஆம்பியர். தேவையில் பாதிக்கும் மேல் விசிறிக்கும் சூட்டுக்கும் தானமாகப் போயிருக்கிறது.

ஆனால் மாமா அந்த இன்வெர்ட்டரைக் கழற்றி வைத்தது கரண்டை மிச்சம் பிடிக்க இல்லை. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 17.6 வோல்ட்டுக்கு இறங்கும். இன்வெர்ட்டர் ‘பேட்டரி தீர்ந்தது’ என்று முடிவு கட்டி, கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிடும். எஞ்சின் கிளம்பிய பிறகு யாராவது குனிந்து சுவிட்சை அணைத்துப் போட வேண்டும். போதாததற்கு, விசிறி உப்புக்காற்றை உள்ளே இழுத்து இழுத்து நாலாவது மாதம் அதுவும் சிக்கிக்கொண்டது.

இரண்டாவது: நடுவில் எடுத்த 12 வோல்ட்

இங்கேதான் விவகாரம் தொடங்குகிறது. அடாப்டர் லேபிளில் ‘வெளியீடு 12 வோல்ட்’ என்று இருந்தது. மகன் அதைப் பார்த்தான். பேட்டரி ஒன்றின் மேலும் 12 வோல்ட் என்று இருந்தது. அதையும் பார்த்தான். அடாப்டரின் வயரை வெட்டி, இரண்டு பேட்டரியும் சேரும் நடு இணைப்பிலிருந்து நேராகக் கொடுத்துவிட்டான். ஸ்பீக்கருக்குப் போடும் அரை சதுர மி.மீ. வயர், பியூஸ் கிடையாது. படம் வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம்.

இந்த ‘நடு எடுப்பை’ எங்கள் துறைமுகத்தில் பாதிப் படகில் பார்க்கலாம். லைட்டுக்கு எடுப்பார்கள், பாட்டுப் பெட்டிக்கு எடுப்பார்கள். கெடுதல் உடனே தெரியாது. நடுவில் எடுக்கும் கரண்டு முழுவதும், படகின் மைனஸோடு சேர்ந்திருக்கும் கீழ்ப் பேட்டரியிலிருந்து மட்டுமே போகிறது. ஆனால் சார்ஜ் ஏறும்போது இரண்டுக்குள்ளும் ஒரே கரண்டுதான் ஓடும். அதனால் மேல் பேட்டரி முதலில் நிறைந்துவிடும், கீழ்ப் பேட்டரி நிறையவே நிறையாது. சார்ஜரோ மொத்தத்தை மட்டும் பார்க்கும். எஞ்சின் ஓடும்போது அளந்தேன்: மொத்தம் 28.6 வோல்ட், சரியாக இருப்பது போலத் தோன்றும். பிரித்து அளந்தால் கீழே 13.2, மேலே 15.4. மேல் பேட்டரியில் தண்ணீர் கொதித்து வற்றிப் போயிருந்தது. மூடியைத் திறந்தால் தகடு தெரிகிறது. கீழ்ப் பேட்டரி பட்டினியில் சல்பேட் படிந்து கிடந்தது.

பிறகு நடந்ததை மாமா சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது. நடுக்கடலில் கீழ்ப் பேட்டரி இறங்கிக்கொண்டே வருவதைக் கவனித்த ஸ்ராங்கு, அதாவது படகு ஓட்டுகிறவர், ‘இவ்வளவு நாள் இவன் உழைச்சான், இனி அவன் உழைக்கட்டும்’ என்று மானிட்டர் வயரை மேல் பேட்டரிக்கு மாற்றியிருக்கிறார். அவர் பார்வையில் அது நீதி. வயரைச் சேர்த்ததும் மானிட்டரின் விளக்கு எரிந்தது. எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினார். புகை.

காரணம் இதுதான். மேல் பேட்டரியின் மைனஸ் என்பது படகின் மைனஸ் அல்ல. அது அந்த நடுப்புள்ளி, படகின் மைனஸைவிட 12 வோல்ட் உயரத்தில் இருப்பது. கம்ப்யூட்டரின் மைனஸோ படகின் மைனஸோடு சேர்ந்தது. எச்டிஎம்ஐ கேபிளின் கவசம் இந்த இரண்டு மைனஸையும் கையோடு கை கோக்கும். செருகிய அந்த நொடியில் கீழ்ப் பேட்டரியின் இரண்டு முனையும் அந்தப் பின்னல் கவசத்தின் வழியாக நேருக்கு நேர் சந்தித்துவிட்டன. படகின் எஞ்சினையே சுற்றக்கூடிய பேட்டரி அது. கேபிளோடு போனது பெரும் பாக்கியம். மெத்தையும் டீசல் கேனும் அடுத்த அறையில்தான் இருந்தன.

மானிட்டரும் கம்ப்யூட்டரின் எச்டிஎம்ஐ வாயும் போயின. மீதி நாட்களை ஏழு அங்குலத் திரையோடு ஓட்டிக் கரை சேர்ந்திருக்கிறார்கள்.

என்ன வாங்குவது

மகன் செல்போனில் ஒரு பட்டியலோடு வந்தான். எல்லாம் திரையின் முகத்தைப் பற்றியது: எத்தனை அங்குலம், எத்தனை பிக்சல், ஓரம் எவ்வளவு மெல்லிசு. “தம்பி, முதல்ல முதுகைக் காட்டு” என்றேன். படகுக்கு மானிட்டர் எடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது கரண்டு நுழையும் வாசல்.

பின்னால் கம்ப்யூட்டருக்குப் போடுவது போன்ற மூன்று முனை சாக்கெட் இருந்தால், பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது, 230 வோல்ட் வேண்டும் என்று அர்த்தம். அதைத் திறந்து மாற்றி வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் கடலுக்குப் போகும் சாமானில் அதைச் செய்வதில்லை. உருண்டையான சின்ன டிசி ஓட்டை இருந்து, அடாப்டர் வெளியே இருந்தால் நமக்கு ஆகும். அடுத்தது லேபிள். வெளி அடாப்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ட்டோ 19 வோல்ட்டோ கொடுக்கும். இந்தப் படகுக்கு நான் 12 தான் வேண்டும் என்றேன். செல்ஃப் அடிக்கும்போது 17.6-க்கு இறங்கும் பேட்டரியிலிருந்து, வோல்டேஜை இறக்க மட்டும் தெரிந்த கன்வெர்ட்டரால் 19 கொடுக்க முடியாது. 12 கொடுக்கலாம், இடம் மிச்சமிருக்கிறது.

நேரடியாக 9 முதல் 36 வோல்ட் வரை வாங்கிக்கொள்ளும் கடல்வகை மானிட்டர்கள் உண்டு. தண்ணீர் புகாத உடம்பு, வெயிலில் தெரியும் 1000 நிட் வெளிச்சம், கண்ணாடிக்கும் பேனலுக்கும் இடையில் காற்று இல்லாமல் ஒட்டியது, எல்லாம் சரி. விலையைக் கேட்டதும் மாமா கடைக்கு வெளியே போய்ப் பீடி பற்ற வைத்தார். மேல்தளத்தில் திறந்த வெளியில் வைப்பதாக இருந்தால் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். இது நாலு பக்கமும் கண்ணாடி போட்ட வீல் ஹவுஸ்.

பஸ், லாரிக்கு வரும் டிசி மானிட்டர்கள் நேராக 24 வோல்ட் தாங்கும். ஆனால் நாங்கள் பார்த்தவை எல்லாம் பத்து அங்குலம்தான். வெள்ளெழுத்துக்கு அது விடை இல்லை. சோலார் வீடுகளுக்கு வரும் டிசி டிவியைப் பற்றியும் மகன் கேட்டான். வெறும் 12 வோல்ட் படகாக இருந்தால் யோசிக்கலாம். ஆனால் டிவி சில நேரம் படத்தின் ஓரத்தை வெட்டிக் காட்டும், ரிமோட்டையும் பத்திரப்படுத்த வேண்டும். டைப்-சி வழியாக ஓடும் பதினைந்து அங்குலக் கையடக்க மானிட்டர் பத்து வாட்டுக்குள் முடித்துவிடும். எனக்கு அது பிடித்த சாமான்தான். ஆனால் அந்த மெல்லிய சாக்கெட் ஆழ்கடல் ஆட்டத்தில் எத்தனை தங்கல் (நாள்கணக்கில் கடலிலேயே தங்கிப் பிடிக்கும் பயணம்) தாங்கும் என்ற சந்தேகத்தில் விட்டுவிட்டேன்.

கடைசியில் 24 அங்குலம், ஐபிஎஸ் பேனல், பளபளப்பு இல்லாத திரை, ஸ்பீக்கர் இல்லாதது, 12 வோல்ட் வெளி அடாப்டர். மார்த்தாண்டத்தில் கடைக்காரரைத் திறந்து காட்டச் சொல்லி மூன்று சோதனை செய்துதான் எடுத்தோம். ஒன்று, ஓடும்போதே அடாப்டரைப் பிடுங்கிச் செருகினால் பட்டனை அழுத்தாமல் தானாகவே மறுபடி எரிகிறதா? முதலில் காட்டிய மானிட்டர் எரியவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்தோம். அடுத்து, உட்கார்ந்து கீழிருந்தும் எழுந்து நின்று மேலிருந்தும் பார்த்தால் நிறம் மாறுகிறதா? ஸ்ராங்கு ஒரே உயரத்தில் நிற்பதில்லை. அப்புறம், வளைகுடாவிலிருந்து மச்சான்கள் கொண்டுவந்து கொடுக்கும் போலராய்டு கூலிங்கிளாஸைப் போட்டுக்கொண்டு பார்ப்பது. சில திரைகள் அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் முழுக் கறுப்பு. கடைப் பையன் எங்களை ஒருமாதிரி பார்த்தான். பார்க்கட்டும்.

ஸ்பீக்கர் வேண்டாம் என்றதற்குக் காம்பஸ்தான் காரணம். பழைய மானிட்டரை அதன் பக்கத்தில் கொண்டுபோனபோது முள் ஆறு பாகை நகர்ந்ததை மாமாவுக்கே காட்டினேன். ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறது. நாற்பது நாள் தங்கலில் எல்லா எலெக்ட்ரானிக்ஸும் போனாலும் கரைக்கு வழி காட்டுவது அந்த முள்தான். புது மானிட்டரையும் எட்டத் தள்ளித்தான் வைத்தேன். டிசி வயரின் பிளஸ் மைனஸ் இரண்டையும் முறுக்கிக் கொண்டுபோனால் அவற்றின் காந்தப்புலம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், அதையும் செய்தேன்.

நான் சறுக்கிய இடம்

24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டரை அவசரத்தில் மலிவாக ஆன்லைனில் எடுத்தேன். 12.1 வோல்ட், ஆடாமல் அசையாமல் கொடுத்தது. மானிட்டர் எரிந்தது. அன்று சாயங்காலம் மாமா வயர்லெஸைப் போட்டார்: சேனல் 16-இல் எண்ணெயில் கடுகு வெடிப்பது போல இரைச்சல். மானிட்டரை அணைத்தால் அமைதி, போட்டால் இரைச்சல். படகில் வரைபடம் இல்லாமலும் போய்வரலாம். ஆபத்துக்குக் கூப்பிடும் சேனல் கேட்காமல் போகக் கூடாது.

கன்வெர்ட்டருக்குள் சுவிட்ச் நொடிக்கு லட்சக்கணக்கான தடவை திறந்து மூடுகிறது. வடிகட்டி சரியில்லை என்றால் அதன் எதிரொலி வி.எச்.எஃப் இயங்கும் 156 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறி, வயரையே ஆன்டெனாவாக்கிக்கொள்ளும். இரைச்சலை விழுங்க வயரில் ஃபெரைட் வளையம் மாட்டினேன், குறைந்தது, போகவில்லை. அந்தப் பெட்டியை இன்னொரு காரணத்துக்காகவும் எனக்குப் பிடிக்கவில்லை. அது தனிமைப்படுத்தாத வகை, அதாவது உள்ளீடும் வெளியீடும் நேரடியாகச் சேர்ந்திருப்பது. உள்ளிருக்கும் சுவிட்ச் பழுதாகி ஷார்ட் ஆனால் 24 வோல்ட்டும் அப்படியே மானிட்டருக்குள் இறங்கும். மானிட்டரின் வாசலில் இருக்கும் கெபாசிட்டர்கள் பெரும்பாலும் 16 அல்லது 25 வோல்ட்டுக்கானவை.

அதனால் மாற்றினேன். செல்ஃப் அடிக்கும்போது வரும் 17.6-லும் நிற்காத 24 வோல்ட் உள்ளீடு, 12 வோல்ட் 5 ஆம்பியர் வெளியீடு, நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத் தனிமைப்படுத்தியது, முழுவதும் பசை ஊற்றி மூடியது. பழுதானால் இதில் வெளியே வருவது பெரும்பாலும் பூஜ்யம்தான். விலை மூன்று மடங்கு. என் கணக்கில் மானிட்டரைவிட இதற்குச் செலவழிப்பதே புத்திசாலித்தனம். எச்டிஎம்ஐ கேபிளின் இரண்டு முனையிலும் ஃபெரைட், வயர்லெஸ் ஆன்டெனா கேபிளிலிருந்து ஒரு முழம் விலகல். இப்போது சேனல் 16-இல் சத்தம் இல்லை. சோதிக்கும்போது, மெல்லிய இரைச்சலை மறைக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்து வைத்துக் கேட்க வேண்டும். மூடி வைத்துக் கேட்டால் எல்லாம் அமைதியாகத்தான் தோன்றும்.

பேட்டரியிலிருந்து வீல் ஹவுஸுக்கு ஏழு மீட்டர், போகவர பதினான்கு. பழைய அரை சதுர மி.மீ. வயர், 12 வோல்ட்டில் ஒன்றரை ஆம்பியர் போனால் முக்கால் வோல்ட்டை வழியிலேயே தின்றுவிடும். இப்போது 2.5 சதுர மி.மீ., ஈயம் பூசிய செம்புக் கம்பி. தூரப் பயணம் 24 வோல்ட்டிலேயே நடக்கிறது, கன்வெர்ட்டர் மானிட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. வழியில் இழப்பது 0.08 வோல்ட். பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி 3 ஆம்பியர் பியூஸ். ஓடும்போது பேட்டரி முனை கழன்றால் ஆல்டர்னேட்டர் உதைக்கும் உதையைத் தாங்க, கன்வெர்ட்டர் வாசலில் ஒரு சர்ஜ் டயோடு. நடு எடுப்பைத் துண்டித்து, லைட்டுக்கும் பாட்டுப் பெட்டிக்கும் தனி கன்வெர்ட்டர் போட்டாயிற்று. பேட்டரி இரண்டும் புதிது, ஒரே நாளில் வாங்கியது.

பேட்டரிப் பக்கம் இப்போது 0.82 ஆம்பியர். இன்வெர்ட்டர் காலத்தோடு பார்த்தால், எஞ்சின் நிறுத்தி மிதக்கும் பத்து மணி நேர ராத்திரிக்கு ஆறு ஆம்பியர்-மணி மிச்சம்.

ராத்திரி

பகல் வெளிச்சத்தை எல்லாரும் கேட்பார்கள். 250 நிட் மானிட்டர் பகலில் மங்கல்தான். அதற்குக் கறுப்பு ரெக்ஸின் ஒட்டிய பிளைவுட்டில் ஒரு கூரை வைத்தோம், தீர்ந்தது. தொல்லை ராத்திரியில். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம் வரை ஆகும்; ஒரு வெள்ளைத் திரை அதை நொடியில் கெடுத்துவிடும். கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு மானிட்டரின் வெளிச்சத்தைக் கடைசி வரை குறைத்துப் பார்த்தேன். அப்போதும் என் கைரேகை தெரிந்தது. ஓப்பன் சிபிஎன்-இல் ராத்திரி நிறம் என்று ஒன்று இருக்கிறது, அது பாதி வேலையைச் செய்யும். மீதிக்கு, கார் கண்ணாடிக்கு ஒட்டும் அடர்ந்த சன் ஃபிலிமை ஓர் அக்ரிலிக் தகட்டில் ஒட்டி, கீல் போட்டு, திரைக்கு முன்னால் கதவு மாதிரி தொங்கவிட்டேன். இருட்டியதும் இறக்கிக்கொள்ள வேண்டியது, விடிந்ததும் தூக்கிவிட வேண்டியது. இந்த மொத்த வேலையில் மாமா ஊரில் நாலு பேரிடம் காட்டிப் பெருமைப்பட்டது இதை மட்டும்தான்.

பொருத்தியது பின்னால் இருக்கும் 100க்கு 100 மி.மீ. நான்கு திருகு ஓட்டையில். இடையில் ரப்பர் புஷ். மேசை மேல் நிற்கும் கால் கடலுக்கு ஆகாது. டிசி பின் ஆடிக் கழலாமல் இருக்க, வயரை ஒரு விரல்கடை தள்ளிக் கிளிப் போட்டு உடம்போடு இறுக்கினேன். சர்க்யூட் பலகைக்கு உப்புத் தடுக்கும் வார்னிஷ் அடித்தேன். சாக்கெட்டுகளுக்குள் போகாமல் டேப் ஒட்டிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். காற்றுத் துளைகளை அடைக்கவில்லை.

முதல் தங்கல்

ஆகஸ்ட் முதல் வாரம் போன படகு செப்டம்பரில் தோப்பும்படியில் வந்து நின்றது. நான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். செல்ஃப் அடிக்கும்போது திரை இமைக்கவில்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரி இரண்டும் 14.3, 14.3. காம்பஸ் பழைய இடத்திலேயே நிற்கிறது.

ஒரு குறை இருந்தது, அதை நான் கடையிலேயே கவனித்திருக்க வேண்டும். மானிட்டரின் பட்டன்கள் தொடு வகை. ஈரக் கையோ தெறித்த துளியோ பட்டால் மெனு தானாகத் திறக்கிறது. ஒரு தடவை மொழி சீனத்துக்கு மாறி, இரண்டு நாள் சீனத்திலேயே இருந்திருக்கிறது. பட்டன் இருக்கும் ஓரத்தின் மேல் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருந்தார் ஸ்ராங்கு. நான் அதைப் பிய்க்கவில்லை. அடுத்த மானிட்டருக்கு அழுத்து பட்டனாகப் பார்க்க வேண்டும்.

பக்கத்தில் கட்டியிருந்த வள்ளவிளைப் படகுக்காரர் வந்து இதே மாதிரி வேண்டும் என்றார். அவருடையது 12 வோல்ட் செல்ஃப். “அப்படின்னா இது உங்களுக்கு ஆகாது அண்ணே” என்றேன். அவர் படகில் செல்ஃப் அடித்தால் 9 வோல்ட், சார்ஜ் ஏறும்போது 14.4. 12 வோல்ட் மானிட்டருக்கு அது ஒருபோதும் நிலையான 12 அல்ல. நேராகக் கொடுத்தாலும் ஓடத்தான் செய்யும், இன்றைக்கு ஓடுகிறது என்பதும் நாற்பதாவது நாள் ஓடும் என்பதும் வேறு. ஏற்றவும் இறக்கவும் தெரிந்த, 9 முதல் 18 வோல்ட் வாங்கி 12 கொடுக்கும் பெட்டி அவருக்கு வேண்டும். எவ்வளவு ஆகும் என்று கேட்டார். மானிட்டரின் பின்பக்க லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.